சமுதாயக் கல்லூரிக்கு வரலாறு உண்டா?

கேள்வி, 2 ஜூன் 2024 (வியாசர்பாடி வாசகர்)

என் தம்பிக்குப் பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது. துணைத் தேர்வும் எழுத மாட்டேன் என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா, ஒரு சமுதாயக் கல்லூரியில் ஏசி மெக்கானிக் படிப்பு இருக்கிறது, மார்க் கேட்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மார்க்கே கேட்காத இடம் எப்படிக் கல்லூரி ஆகும்? நான் பார்த்தவரை இது அமெரிக்காவிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. ஐடிஐயில் இடம் கிடைக்காதவர்களை உட்கார வைக்க ஒரு இடம், அவ்வளவுதான். இதற்கு வரலாறு என்று ஏதாவது உண்டா?

2 ஜூன், இரவு 10.40

உண்டு. நான் அதில் படித்து வெளியே வந்தவன். அதனால் நீளமாகவே சொல்வேன்.

1996ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கியது. நாட்டிலேயே அதுதான் முதல் என்று நினைக்கிறேன். 1999ல் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இதற்கென்றே சென்னையில் ஒரு ஆய்வு வளர்ச்சி மையத்தை அமைத்தார். புதிதாகக் கல்லூரி தொடங்க நினைப்பவர்களுக்குப் பாடத்திட்டம் எப்படிப் போடுவது, பக்கத்துக் கம்பெனிகளிடம் எப்படிப் போய்ப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்த இடம் அது. அங்கிருந்துதான் மற்ற ஊர்களுக்குப் பரவியது.

மார்க் கேட்காததைக் குறையாகச் சொல்கிறீர்கள். அந்தக் கல்லூரிகள் தொடங்கியதே அதற்காகத்தான். பள்ளிக்கூடம் வெளியே தள்ளியவனை உள்ளே கூப்பிட வேண்டும் என்றால் முதலில் மார்க் ஷீட்டை ஓரமாக வைக்க வேண்டும்.

3 ஜூன், காலை 6.15

ஒரு திருத்தம். முதல் என்று நேற்று எழுதியது தப்பு. 1995லேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிவிட்டது. சென்னை அதற்கு அடுத்த வருஷம்தான். நம் ஊர்ப் பாசத்தில் எழுதிவிட்டேன்.

3 ஜூன், இரவு 11.05

என் கதையைச் சொன்னால்தான் நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது புரியும்.

1999 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினேன். இயற்பியலும் கணக்கும் போய்விட்டது. அப்பா துறைமுகத்தில் லோடுமேன். ரிசல்ட் வந்த அன்று அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "நீயும் வாடா" என்றார். ஒரு வருஷம் போனேன். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். 2000ல் எங்கள் தெருவுக்கு ஒரு சிஸ்டர் நோட்டீஸ் கொடுக்க வந்தார். கொருக்குப்பேட்டையில் அப்போது வீடு வீடாக வந்து படிக்கக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. ஓட்டு கேட்டுத்தான் வருவார்கள்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே பாலர் பள்ளி நடந்தது. எங்கள் வகுப்பில் இருபத்தி மூன்று பேர். நான் பத்தொன்பது வயது. பக்கத்து வகுப்பில் நோயாளி பராமரிப்புப் படிப்பு. அதில் ஒரு அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது, அஞ்சாம் வகுப்போடு நின்றவர். அவருடைய பையன் என் செட். அம்மாவும் மகனும் ஒரே நேரத்தில் நோட்டு வாங்கக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இருவருக்கும் பிள்ளைகள் படம் போட்ட அட்டையையே எடுத்து நீட்டினார். அந்த அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஏசி படிக்க வந்தவனுக்கு முதல் சில மாதம் ஸ்பேனரைக் கையில் தரவில்லை. வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம். எப்படிப் பேசுவது, சண்டை வந்தால் என்ன செய்வது, பேங்கில் பணம் போடும் சீட்டை எப்படி நிரப்புவது. எனக்குக் கோபமாக வந்தது. இதற்கா வேலையை விட்டுவிட்டு வந்தோம் என்று இரண்டு நாள் போகவில்லை.

மூன்றாவது நாள் டீச்சர் எங்கள் எல்லோரையும் தெருமுனை காயின் பாக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு ரூபாய் காசு, ஒரு கம்பெனி நம்பர். போன் செய்து, "பயிற்சிக்கு ஆள் எடுப்பீர்களா" என்று நீங்களே கேளுங்கள் என்றார். என் முறை வந்தது. மறுபக்கம் "ஹலோ" என்றதும் எனக்கு வாய் எழவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு விடும் சத்தம் மட்டும். அவர் வைத்துவிட்டார். டீச்சர் இன்னொரு காசைக் கையில் வைத்தார். நாலாவது காசில்தான் பெயரைச் சொன்னேன். மூட்டை தூக்கும்போது யாரும் என் பெயரைக் கேட்டதில்லை.

4 ஜூன், மதியம் 1.30

"ஐடிஐக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்ட அண்ணனுக்கு:

ஐடிஐயில் ஒவ்வொரு ட்ரேடுக்கும் எட்டாவது அல்லது பத்தாவது பாஸ் வேண்டும், வயது பார்ப்பார்கள், ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம், கடைசியில் நாடு முழுக்கச் செல்லும் என்டிசி என்ற தேசியத் தொழிற்சான்றிதழ். சமுதாயக் கல்லூரி ஆரம்பித்தபோது பெரும்பாலும் ஒரு வருஷ டிப்ளமோ. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அப்புறம் ஒரு இடத்தில் நேரடிப் பயிற்சி. வயது, படிப்பு தடை இல்லை. எந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பது என்பதைச் சுற்றுவட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதனால் ஒரு கல்லூரியில் இருக்கும் படிப்பு அடுத்த கல்லூரியில் இருக்காது.

ஐடிஐ மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். என் கடையில் இருக்கும் நாலு பேரில் இரண்டு பேர் ஐடிஐ. அருமையான கைகள்.

5 ஜூன், இரவு 10.10

அமெரிக்கக் காப்பி என்ற பேச்சு. இதற்கு நான் முதலில் கோபமாகப் பதில் எழுதி, அழித்துவிட்டேன். யோசித்தால் பாதி உண்மை.

பெயரும் யோசனையும் அங்கிருந்து வந்தவைதான். இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901ல் தொடங்கியது. முதல் வகுப்பில் ஆறே பேர். ஒரு உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளரும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவரும் சேர்ந்து செய்த சோதனை முயற்சி. சொந்த ஊரை விட்டுப் போகாமலே கல்லூரியின் முதல் இரண்டு வருஷத்தைப் பிள்ளைகள் முடிக்கட்டும் என்பது திட்டம். 1947ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கை வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் அங்கே நிலைத்தது.

அங்கே இரண்டு வருஷம் படித்தவன் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது வருஷத்தில் போய் உட்காரலாம். இங்கே எங்களுக்கு அந்தப் படி இல்லை. ஒரு வருஷம், டிப்ளமோ, வேலை, அத்தோடு சரி. பெயரைக் கொண்டு வந்தவர்கள் மாடிப்படியைக் கொண்டு வரவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. இப்போது கொஞ்சம் மாற்றி யோசிக்கிறேன். 2000ல் எங்கள் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருந்தவர் யாரும் இல்லை. அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு வழி வேண்டும் என்று வந்தவர்கள். தொடங்கியவர்கள் அதைப் பார்த்துத்தான் வேறு மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

5 ஜூன், இரவு 10.50

நம் ஊரிலேயே இதற்கு ஒரு மூதாதை உண்டு என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? பச்சையப்பன் கல்லூரி.

பச்சையப்ப முதலியார் 1794ல் இறந்தார். அவர் விட்டுப்போன பணம் வழக்கில் பல ஆண்டுகள் கிடந்தது. அந்தப் பணத்திலிருந்துதான் 1842ல் பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. அது கல்லூரியானது 1889ல். சேத்துப்பட்டுக்குப் போனது 1940ல். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் வருவதற்கு முன்பே, இந்த ஊர்க்காரர் ஒருவரின் பணம் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வளாகம் எவ்வளவு பெரிய வாசல் என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

6 ஜூன், காலை 7.00

பச்சையப்பன் விஷயத்தில் எனக்கே ஒரு மறுபேச்சு. 1947 வரை அங்கே இந்துக்களை மட்டும்தான் சேர்த்தார்கள். நேற்று இதை விட்டுவிட்டு எழுதியது சரியில்லை. யாராக இருந்தாலும் வா என்ற வாசல் அங்கே முதலில் இல்லை, பின்னால் திறந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி வந்தது 1950ல். மெரினா பக்கம் பெண்களுக்கென்று ராணி மேரி கல்லூரி 1914லேயே வந்துவிட்டது. வடக்கே எங்கள் பாட்டி காலத்துப் பெண்களுக்கு அது டிராமில் போகும் தூரம் என்றாலும் யார் அனுப்பினார்கள்?

8 ஜூன், சனி, மாலை

சான்றிதழ் விஷயம். தம்பியைச் சேர்க்கும் முன்பு இதைக் கட்டாயம் படியுங்கள்.

2001ல் டிப்ளமோ வாங்கினேன். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். கையால் வேலை செய்து காட்டச் சொன்னார்கள், செய்தேன். மேஸ்திரி தலையாட்டினார். பிறகு ஆபீஸ் அறையில் ஒருவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த யுனிவர்சிட்டி, எந்த போர்டு?" எந்த போர்டும் இல்லை. கல்லூரியின் முத்திரையும் முதல்வர் கையெழுத்தும்தான். "என்டிசி இருந்தால் வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ் ஏறி வீடு வரும் வரை அந்தக் காகிதத்தைப் பாலிதீன் கவருக்குள் வைக்கக்கூட இல்லை, கையிலேயே கசங்கியது.

பல வருஷம் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன். இப்போது நானே ஆள் எடுக்கிறேன். யார் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட காகிதம் என்று நானும் பார்க்கத்தான் செய்கிறேன். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் கையில் பதில் இல்லாததுதான் தப்பு.

அந்தப் பதில் மெல்ல மெல்லத்தான் வந்தது. 2002ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. பிறகு அது சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்து, தன் பெயரில் டிப்ளமோ கொடுத்தது. எனக்கு அடுத்து வந்த பிள்ளைகளின் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அதை முதலில் பார்த்த அன்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். 2009ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் ஒரு திட்டம் கொண்டு வந்தது.

8 ஜூன், இரவு

திருத்தம்: 2009ல் சமுதாயக் கல்லூரித் திட்டம் கொண்டு வந்தது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். யுஜிசி திட்டம் 2013. சுட்டிக்காட்டிய ஆசிரியருக்கு நன்றி.

9 ஜூன், ஞாயிறு, காலை 11.20

அந்த ஆசிரியர் 2013க்குப் பிறகுதான் உண்மையான வளர்ச்சி என்கிறார். எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். யுஜிசி பணம் கொடுத்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி வந்தது. லேப் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டு, எந்தப் படிப்பு எந்த நிலை என்று எண் போட்டார்கள். 2014ல் பி.வொக் என்ற தொழிற்கல்விப் பட்டம் வந்தது. டிப்ளமோ முடித்தவன் மேலே ஏறிப் பட்டம் வரை போக வழி பிறந்தது. நான் ஏங்கிய மாடிப்படி இதுதான்.

ஆனால் அந்தத் திட்டத்தில் சேரப் பிளஸ் டூ பாஸ் வேண்டும்.

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மாடிப்படி கட்டினார்கள், கீழே வாசலைச் சாத்திவிட்டார்கள். 1999ல் இரண்டு பாடம் போனவன், அஞ்சாம் வகுப்போடு நின்ற அந்த அக்கா, இந்த ஜூனில் உங்கள் தம்பி, மூன்று பேரும் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்ததே 1978ல்தான். வந்த நாளிலிருந்து அந்தப் பரீட்சையில் கழன்று விழுந்தவர்களுக்காக இன்னொரு கதவு வேண்டும் என்றுதான் இது தொடங்கியது. அந்தக் கதவிலும் அதே பரீட்சையின் பூட்டு.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேராக வாங்கும் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் அப்படிப் பட்டம் வாங்கிவிட்டுப் பிறகு விவரம் தெரிந்து, முப்பது வயதில் பிளஸ் டூ பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தான். அதனால் உங்கள் தம்பி என்ன படித்தாலும் அந்த இரண்டு பாடத்தை எழுதி முடிக்கட்டும். இதில் நான் உங்கள் பக்கம்.

9 ஜூன், இரவு 9.45

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கடுமை. மார்க் கேட்காத பழைய வகைச் சமுதாயக் கல்லூரிகள் எல்லாம் மூடிவிட்டன என்று பொருள்படுகிறது. அப்படி இல்லை. நானே 2011லிருந்து வாரம் இரண்டு மாலை ஒரு இடத்தில் பிராக்டிகல் எடுக்கிறேன். அங்கே இன்னும் மார்க் ஷீட் கேட்பதில்லை.

பிராக்டிகல் என்றதும் ஞாபகம். "அங்கே என்னதான் சொல்லித்தருவார்கள்" என்ற கேள்விக்கு ஒரு மாலையைச் சொல்கிறேன்.

ஸ்பிளிட் ஏசிக்கு காப்பர் பைப்பை வெட்டி, அதன் வாயைப் பூ விரிகிற மாதிரி விரிக்க வேண்டும். ஃப்ளேர் அடிப்பது என்போம். கட்டரைச் சுற்றி வெட்டியதும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். அதை ரீமரால் சுரண்டும்போது பைப்பின் வாய் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் செம்புத்தூள் உள்ளே விழுந்து, ஒரு நாள் கம்ப்ரசருக்குப் போய்ச் சேரும். அப்புறம் கட்டையில் பைப்பை இறுக்கி, விளிம்பு எவ்வளவு நீட்ட வேண்டுமோ அவ்வளவு நீட்டி, கூம்பை மெதுவாகத் திருக வேண்டும். நல்ல ஃப்ளேர் கண்ணாடி மாதிரி மினுங்கும். கோடு தெரிந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி.

புதிதாக வரும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தப்பு செய்வார்கள். அழகாக ஃப்ளேர் அடித்து முடித்து, பெருமையாகத் தூக்கிக் காட்டும்போது நட்டு மேஜையில் கிடக்கும். அதை முதலிலேயே பைப்பில் கோத்திருக்க வேண்டும், இனி ஏறாது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவனே பார்த்து, அவனே வெட்டி, மறுபடி தொடங்குவான். மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று இருபது பேரும் குனிந்து பார்ப்போம். குமிழி வராத அன்று ஒரு சத்தம் போடுவார்கள், கீழே டீக்கடை வரை கேட்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு முறைகூடக் கைதட்டு வாங்காத பிள்ளைகள்.

11 ஜூன்

"வளர்ச்சி என்றால் எத்தனை கல்லூரி, எத்தனை மாணவர் என்று எண்ணிக்கை சொல்லுங்கள்" என்று ஒருவர். நான் எண்ணிக்கையை வைத்துப் பேச மாட்டேன். பயிற்சிக்கு ஆள் தேடி டீச்சர் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் கல்லூரி வளர்கிறது. அவர் போவதை நிறுத்தி, யாரோ கையெழுத்துப் போட்ட பயிற்சிக் கடிதத்தை ஃபைலில் கோர்க்கத் தொடங்கிய இடத்தில் மாணவர் எண்ணிக்கை கூடினாலும் கல்லூரி தேய்கிறது. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

14 ஜூன், இரவு

தம்பி விஷயமாக மறுபடி கேட்டிருக்கிறீர்கள். போகிற இடத்தில் இதைக் கேளுங்கள்: டிப்ளமோவில் யார் கையெழுத்து, எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த வாரியம். நேரடிப் பயிற்சி எத்தனை வாரம், போன வருஷப் பிள்ளைகள் எந்தக் கம்பெனிக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். தயங்காமல் கொடுத்தால் பாதி கவலை தீர்ந்தது. லேபுக்குள் போய் மேஜையைப் பாருங்கள். வெட்டித் தள்ளிய காப்பர் துண்டுகள் குப்பைக் கூடையில் இருக்க வேண்டும். சுத்தமாக மினுமினுவென்று இருக்கும் லேப் என்றால் யாரும் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை சனிக்கிழமை. அம்மாவையும் தம்பியையும் காலை பத்து மணிக்குத் தண்டையார்பேட்டை வரச் சொல்லுங்கள். நானும் கூடப் போகிறேன்.

15 ஜூன், சனி, மாலை 6.30

போய் வந்தோம். முதல் இடத்தில் போன் நம்பர் கேட்டதும் பேச்சு மாறியது, கிளம்பிவிட்டோம். இரண்டாவது இடத்தில் மூன்று பேர் நம்பர் கொடுத்தார்கள். அம்மா அங்கேயே வராண்டாவில் நின்று ஒரு பையனிடம் பத்து நிமிஷம் பேசினார். சம்பளம், சாப்பாடு, ஏணியில் ஏறும்போது பெல்ட் கொடுக்கிறார்களா என்று எல்லாம் கேட்டுவிட்டார். கூடை நிறைய காப்பர் துண்டு.

தம்பி உங்களிடம் பேசுகிற அளவுக்கு அங்கே பேசவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பெயரை அவனே எழுதினான். துணைத் தேர்வும் எழுதுவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான், கணக்கு மட்டும் முதலில்.

ஜூலை முதல் வாரம் வகுப்பு. ரப்பர் சோல் ஷூ ஒரு ஜோடி வாங்கி வையுங்கள், செருப்போடு போனால் லேபுக்குள் விடமாட்டார்கள்.